மதிப்பிடும் கேள்விகளில் சரியான விடையை இறுதி இரண்டுக்குள் கொண்டுவந்துவிட்டு மற்றதையே குறிக்கிறேன்: எங்கே தவறுகிறேன்?

விடைதேடி எழுதியது:

வணக்கம். வணிக மேலாண்மைப் பட்ட மேற்படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வுக்காக நான்கு மாதங்களாகப் படித்து வருகிறேன். ஒரு சிறு பத்தியிலுள்ள வாதத்தை அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங் பகுதியில், வாதத்தை வலுப்படுத்தும் கேள்விகளும் பலவீனப்படுத்தும் கேள்விகளும் இப்போது ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் ‘பின்வருவனவற்றுள் எதை அறிந்துகொண்டால் இந்த வாதத்தை மதிப்பிட மிகவும் உதவும்’ என்று முடியும் கேள்வியைக் கண்டால் மட்டும் தடுமாறுகிறேன். கடைசியாகச் செய்த பன்னிரண்டில் ஏழு தவறு. அந்த ஏழிலும் சரியான விடையை இறுதி இரண்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு அதை விட்டு மற்றதைக் குறித்திருக்கிறேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாக இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் உத்தி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தெரிவையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, அதற்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் இரண்டு பதில்களை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பதில் முடிவைத் தாங்கிப் பிடித்து, எதிர்ப்பதில் அதே முடிவைச் சாய்த்தால் அதுவே விடை. அதைத்தான் செய்கிறேன். ஆனால் நான் செய்து பார்க்கும்போது ஐந்தில் இரண்டு மூன்று தெரிவுகள் அந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன.

பயிற்சி நூலிலுள்ள கேள்வியை அப்படியே இங்கே எடுத்துப்போடுவது முறையன்று என்பதால், நான் தவறவிட்ட ஒன்றின் அமைப்பைப் பின்பற்றி நானே ஒன்றை எழுதியிருக்கிறேன்.

‘முந்தைய ஆண்டில் விபத்து மிக அதிகமாக நேர்ந்த சாலைச் சந்திப்புகளிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒரு மாநகராட்சி வேகக் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. அடுத்த ஆண்டில் அந்த இருபது சந்திப்புகளில் நேர்ந்த விபத்துகளின் மொத்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனவே விபத்துகள் குறைந்ததற்குக் கேமராக்களே காரணம் என்று மாநகராட்சி முடிவுசெய்தது.’

அ) கேமராக்களை நிறுவிப் பராமரிக்கும் செலவு, தவிர்க்கப்பட்ட விபத்துகளால் ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பைவிடக் குறைவா?
ஆ) முந்தைய ஆண்டில் ஏறத்தாழ அதே அளவு விபத்து நேர்ந்திருந்தும் கேமரா பொருத்தப்படாத சந்திப்புகளில், அடுத்த ஆண்டு விபத்து எண்ணிக்கை எவ்வாறு மாறியது?
இ) பிற நகரங்களிலும் இத்தகைய கேமராக்கள் பயன்பாட்டில் உள்ளனவா?
ஈ) இருபது சந்திப்புகளிலும் விபத்து ஒரே விகிதத்தில் குறைந்ததா?
உ) வேகத்தால் நேரும் விபத்துகள் மற்ற விபத்துகளைவிடக் கடுமையானவையா?

விடை ‘ஆ’. நான் குறித்தது ‘ஈ’. எல்லாச் சந்திப்புகளிலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் எல்லா இடத்துக்கும் பொதுவாக இருந்த கேமராதான் காரணம், ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாகக் குறைந்திருந்தால் வேறு காரணம் இருக்கலாம் என்று நினைத்தேன். இரு பதில்களும் இரு திசையில் இழுக்கின்றன அல்லவா? பிறகு ஏன் ‘ஈ’ தவறு?

---

மணல்கடிகாரம் எழுதியது:

நீங்களே எழுதிய கேள்வி என்பதால் உங்கள் தவறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ‘ஈ’யை நீங்கள் சோதித்த விதத்தைத் திரும்பப் பாருங்கள். ‘ஒரே விகிதத்தில் குறைந்தது’ என்ற பதிலை முடிவுக்குச் சாதகம் என்று எடுத்துக்கொண்டீர்கள். அதே பதிலை நான் முடிவுக்குப் பாதகமாகவும் காட்ட முடியும். நகரம் முழுவதும் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையே அந்த ஆண்டு குறைந்துபோயிருந்தால், எல்லாச் சந்திப்புகளிலும் விபத்து ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். அதில் கேமராவுக்குப் பங்கே இருக்காது. எதிர்ப்பதிலும் அப்படித்தான். வேகமே முதன்மைக் காரணமாக இருந்த சந்திப்பில் கேமரா நிறைய உதவியிருக்கும், பார்வையை மறைக்கும் வளைவு காரணமாக இருந்த சந்திப்பில் குறைவாகவே உதவியிருக்கும். ஆகவே குறைவு சீராக இல்லாவிட்டாலும் கேமராவே காரணமாக இருக்கலாம்.

ஆக, ‘ஈ’யின் ஒவ்வொரு பதிலும் நாம் பக்கத்தில் எந்தக் கதையை வைக்கிறோமோ அந்தத் திசையில் சாய்கிறது. உங்கள் சோதனையில் அது தேறியதற்குக் காரணம், பதிலோடு சேர்த்து நீங்கள் ஒரு கதையையும் உள்ளே அனுப்பிவிட்டதுதான். பதில்கள் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பதிலின் திசையும் நிலையாக இருக்க வேண்டும். ‘ஆ’வை அப்படிச் சோதித்தால் வேறுபாடு தெரியும். கேமரா இல்லாத சந்திப்புகளிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றால், எவ்வளவு முயன்றாலும் அதைக் கேமராவுக்கு ஆதரவாக மாற்றுவது கடினம். அங்கே எண்ணிக்கை அப்படியே இருந்தது அல்லது கூடியது என்றால், கேமராவின் மீதான நம்பிக்கை உறுதியாக உயர்கிறது. ஒட்டுக் கதை எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் பத்தியில் முக்கியமான சொற்கள் ‘முந்தைய ஆண்டில் விபத்து மிக அதிகமாக நேர்ந்த’ என்பவைதான். விபத்து எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தற்செயலாகவும் ஏறி இறங்கக்கூடியது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் உச்சத்தில் இருந்த இடங்களாகப் பார்த்துப் பொறுக்கினால், அவற்றுள் பல அந்த ஆண்டு மட்டும் கெட்ட நேரத்தில் சிக்கியவையாக இருக்கும். நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு அவற்றின் எண்ணிக்கை இறங்கவே வாய்ப்பு அதிகம். 1886-இல் பிரான்சிஸ் கால்டன், பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி நெருங்கியிருப்பதைக் காட்டினாரே, அதே விளைவுதான் இது. புள்ளியியலில் இதைச் சராசரி நோக்கிய பின்னடைவு என்பார்கள். உச்சத்தில் இருக்கும்போது கேமராவைப் பொருத்தினால், தானாக இறங்கியதன் பெருமையும் கேமராவுக்கே போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ‘ஆ’வில் ‘ஏறத்தாழ அதே அளவு விபத்து நேர்ந்திருந்தும்’ என்ற சொற்கள் ஏன் இருக்கின்றன என்பது இப்போது புரியும். அவை இல்லாமல் ‘மற்றச் சந்திப்புகளில்’ என்று மட்டும் இருந்திருந்தால், அமைதியான சந்திப்புகளோடு ஒப்பிடுவதாகி, அந்தத் தெரிவின் கூர்மையே மழுங்கியிருக்கும்.

தேர்வறைக்கு வெளியே இந்த வகைக் கேள்வி எப்படி வேலை செய்தது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயைச் சுற்றி மரணங்கள் குவிந்திருப்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டார். ஆனால் குழாயருகே இறப்பு அதிகம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரே காரணம் என்று சொன்னால், அந்தப் பகுதியின் கெட்ட காற்றே காரணம் என்று நம்பியவர்கள் அதே தரவைத் தங்களுக்கும் சாதகமாகக் காட்டியிருப்பார்கள். அவர் தேடியது இரண்டு காரணங்களையும் பிரித்துக்காட்டும் ஆட்களை. குழாய்க்கு மிக அருகிலிருந்த மதுவடிப்பாலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் யாரும் காலராவால் இறக்கவில்லை, அவர்கள் அந்தக் குழாயின் நீரைக் குடிப்பதும் இல்லை. மறுபுறம், தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி அந்த நீரின் சுவைக்காகவே அதைத் தருவித்துக் குடித்துவந்தார். அவர் காலராவால் இறந்தார். ‘அருகில் இருந்தும் குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள், தொலைவில் இருந்தும் குடித்தவர்கள் என்ன ஆனார்கள்’ என்பதுதான் அந்த வாதத்துக்கான மதிப்பிடும் கேள்வி. உங்கள் ‘ஆ’வும் அதே வார்ப்பில் அமைந்தது.

---

நிறுத்தற்குறி எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரு பதில்களையும் வைத்துப் பார்க்கும் இருபுறச் சோதனையையே முதல் கருவியாக எடுப்பதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் கருத்து. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தக் கேள்விகள் நீக்கப்பட்டு, மொழிப் பிரிவில் வாசிப்புப் புரிதலும் இந்தத் தர்க்கக் கேள்விகளும் மட்டுமே இருக்கின்றன: 23 கேள்விகள், 45 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு, அதிலும் நீண்ட பத்திகள் தங்கள் பங்கைத் தின்றுவிடும். ஐந்து தெரிவுகளுக்கும் இரண்டிரண்டு பதில்கள் வைத்தால் பத்துக் கற்பனைகள் ஆகின்றன. ஆறாவது ஏழாவது கற்பனைக்கு வரும்போது முடிவின் சரியான சொற்கள் நினைவிலிருந்து நழுவியிருக்கும்; அப்போதுதான் மேலே சொல்லப்பட்ட ஒட்டுக் கதைகள் உள்ளே புகுகின்றன.

நான் செய்வது வேறு. பத்தியைப் படித்தவுடன் தெரிவுகளைப் பார்க்காமல், முடிவை ஒரே வரியில் என் சொற்களில் சொல்லிக்கொள்வேன். இங்கே அது ‘குறைந்தது கேமராவால்தான்’ என்பது. ‘கேமரா நல்லது’ என்பதும் ‘எல்லா இடத்திலும் கேமரா வைக்கலாம்’ என்பதும் வேறு முடிவுகள். பிறகு ஒரே ஒரு வினாவைக் கேட்பேன்: கொடுத்த சான்று முழுவதும் உண்மையாக இருந்தும் இந்த முடிவு பொய்யாக எப்படி முடியும்? ‘கேமரா இல்லாவிட்டாலும் குறைந்திருக்கலாமே’ என்று மனம் உடனே சொல்லும். அவ்வளவுதான், இடைவெளி கிடைத்துவிட்டது. இப்போது தெரிவுகளுக்குப் போனால் அ, இ, உ மூன்றும் இந்த இடைவெளியைத் தொடவே இல்லை என்பது ஒரு பார்வையிலேயே தெரியும். மீதமுள்ள இரண்டுக்கு மட்டும் இருபுறச் சோதனை போதும்.

‘எவ்வளவு’, ‘எந்த விகிதத்தில்’ என்று தொடங்கும் தெரிவுகளுக்கு ஆம், இல்லை என்று பதில் வைக்க முடியாது என்று பலர் திகைக்கிறார்கள். அங்கே இரண்டு முனைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்: பூஜ்யம் ஒரு முனை, முழுவதும் இன்னொரு முனை. முனைகளே முடிவை அசைக்காவிட்டால் நடுவிலுள்ள எண்களும் அசைக்கப்போவதில்லை. தயக்கம் மிகுந்தால் ஒன்றைக் குறித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு அடையாளம் வைத்து நகருங்கள். பிரிவின் இறுதியில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி இப்போது இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றை இத்தகைய கேள்விக்கு ஒதுக்குவது வீண்போகாது.

---

விடைதேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ‘ஈ’யோடு நான் ஒரு கதையைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன் என்பது இப்போது உறைக்கிறது. ஆனால் முன்கூட்டியே இடைவெளியை யோசிப்பதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. நான் யோசித்தது தெரிவுகளில் இல்லாமல் போனால், அதற்குக் கொஞ்சமாவது ஒத்துப்போகும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுவிடுகிறேன். முன்பு அப்படிப் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

அடுத்து, திட்டம் பற்றிய வாதம் வந்தால் இந்த முறை எப்படிப் பொருந்தும்? ஒன்றை முயன்று பார்த்தேன். ‘ஒரு தொழிற்சாலையில் ஒரு பரிசோதகர் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்துப் பழுதுள்ளவற்றை ஒதுக்குகிறார், சில பழுதான பொருள்கள் அவரிடமிருந்து தப்பி வாடிக்கையாளரிடம் போய்ச்சேர்கின்றன. இனி இரண்டாவது பரிசோதகர் ஒருவரும் அதே முறையில் ஒவ்வொன்றையும் பார்த்தால், வாடிக்கையாளரைச் சென்றடையும் பழுதான பொருள்கள் குறையும் என்று நிர்வாகம் கருதுகிறது.’ இதற்கு எனக்கு மூன்று கேள்விகள் தோன்றின. இரண்டாவது பரிசோதகருக்கு ஆகும் செலவு, பழுதான பொருள்களை மாற்றிக்கொடுக்கும் செலவைவிடக் குறைவா? தப்பிப்போகும் பழுதுகள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவையா? தனக்குப் பின் இன்னொருவர் பார்ப்பார் என்று தெரிந்தால் முதல் பரிசோதகரின் கவனம் குறையுமா? மூன்றுமே எனக்கு முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. நான் தொழில் ரீதியாகத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

---

அரைப்புள்ளி எழுதியது:

உங்கள் கடைசி வாக்கியத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவருக்குச் செலவு முக்கியம்தான்; நாளை நிர்வாகக் கூட்டத்தில் இந்தத் திட்டம் வந்தால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே. ஆனால் பத்தி செலவைப் பற்றி எதுவும் உரிமை கோரவில்லை. ‘பழுதான பொருள்கள் குறையும்’ என்பது மட்டுமே அதன் முடிவு. செலவு எவ்வளவு ஆனாலும் அவை குறையலாம், குறையாமலும் இருக்கலாம். ஆகவே முதல் கேள்வி திட்டத்தை ஏற்கலாமா என்பதை மதிப்பிடுகிறது; திட்டம் பலிக்குமா என்பதை அது மதிப்பிடவில்லை. அதே பத்தியின் கடைசி வரியை ‘ஆகவே இந்த ஏற்பாடு நிறுவனத்துக்கு லாபம் தரும்’ என்று மாற்றிப் பாருங்கள்; நேற்றுவரை வெளியே நின்ற செலவுக் கேள்வி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். கேமராக் கேள்வியின் ‘அ’ தெரிவும் இப்படித்தான். முடிவில் ஒரு சொல் மாறினால் விடையே மாறும் என்பதை உணர இதைவிட நல்ல பயிற்சி இல்லை: பத்தியையும் தெரிவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, தவறான ஒவ்வொரு தெரிவும் சரியாவதற்கு முடிவு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். எனக்கு அந்தப் பயிற்சிதான் திருப்பமாக அமைந்தது. ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம் பிடிக்கும், ஆனால் பத்துக் கேள்விகளைப் புதிதாகச் செய்வதைவிடப் பயன் அதிகம்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருவோம். தப்பிப்போகும் பழுதுகள் உள்ளே மறைந்திருந்து கண்ணுக்கே தெரியாதவை என்றால், இரண்டு பேர் என்ன, இருபது பேர் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. திட்டம் அங்கேயே முடிந்தது. அவை கண்ணுக்குத் தெரிபவை, முதல் ஆள் களைப்பால் தவறவிடுபவை என்றால், இரண்டாவது ஆள் சிலவற்றையாவது பிடிப்பார். நேரான, இடையில் எதுவும் சேர்க்க வேண்டாத பாதை. மூன்றாவது கேள்வி அவ்வளவு நேரானதன்று. முதல் பரிசோதகரின் கவனம் சற்றுக் குறைந்தாலும், அவர் விட்டதை இரண்டாமவர் ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்டிவிட்டால் முடிவு நிற்கும். அந்தத் தெரிவே ‘இருவரும் சேர்ந்து தவறவிடுவது, முன்பு ஒருவர் தனியாகத் தவறவிட்டதைவிட அதிகமாகும் அளவுக்குக் கவனம் குறையுமா’ என்று எழுதப்பட்டிருந்தால் அதுவும் சரியான விடையாகத் தகுதி பெற்றுவிடும். நல்ல கேள்வி தயாரிப்பவர் இரண்டையும் ஒரே பட்டியலில் முழு வலுவோடு வைக்கமாட்டார். ஒன்றை இப்படி ஒரு படி குறைத்துத்தான் வைப்பார். எனவே இறுதி இரண்டில் நிற்கும்போது கேட்க வேண்டியது ‘எது முக்கியம்’ என்பதன்று. தெரிவிலிருந்து முடிவுக்குப் போக நான் எத்தனை படிகளை என் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது என்பதுதான். குறைவாகப் போடுவது வெல்லும்.

முன்யோசனை பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. நிறுத்தற்குறி அதைச் சற்று எளிதாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். யோசிக்க வேண்டியது விடையை அன்று, இடைவெளியின் வகையை மட்டுமே. ‘கேமரா தவிர வேறு காரணம்’ என்று நிறுத்திக்கொண்டால், அது மழையாக வந்தாலும் வாகன எண்ணிக்கையாக வந்தாலும் ஒப்பீட்டுச் சந்திப்பாக வந்தாலும் அடையாளம் காண்பீர்கள். ‘வாகன எண்ணிக்கை குறைந்ததா’ என்று குறிப்பிட்ட ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ‘ஆ’வைக் கண்டும் காணாமல் கடந்துவிடுவீர்கள்.

விகிதங்களை ஒப்பிடும் வாதங்கள் இவற்றினும் வேறான ஒரு வகை. அவற்றுக்கென்று ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. இரு குழுக்களும் ஒரே சூழலில் ஒப்பிடப்பட்டனவா என்பதே அது. 1973-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும் பெண்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரும் அனுமதி பெற்றனர். ‘ஆகவே துறைகள் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டின’ என்று ஒரு பத்தி முடிந்தால், நீங்கள் கேட்கும் கேள்வி என்ன? பலரும் ‘விண்ணப்பித்தோரின் தகுதி சமமாக இருந்ததா’ என்று தொடங்குவார்கள். அதுவும் தவறில்லை. ஆனால் அந்தத் தரவை ஆராய்ந்து 1975-இல் வெளிவந்த கட்டுரை காட்டியது வேறு: பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது, யாராயிருந்தாலும் இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கு. துறைவாரியாகப் பார்த்தால் பெண்களுக்கு எதிரான அந்தப் பெரிய சாய்வு காணப்படவில்லை. ‘ஆண்களும் பெண்களும் ஒரே விகிதத்தில் அதே துறைகளுக்கு விண்ணப்பித்தார்களா’ என்ற ஒரே கேள்வி வாதத்தைத் திருப்பிப்போடுகிறது. ‘ஆம்’ என்றால் பாகுபாடு என்ற முடிவு மேலும் வலுக்கும், ‘இல்லை’ என்றால் மொத்த விழுக்காடு தனியாக எதையும் நிறுவாது. மொத்த எண்ணை வைத்து இரு குழுக்களை ஒப்பிடும் பத்தியைக் கண்டால் என் கண் இப்போதெல்லாம் தெரிவுகளில் ‘பிரித்துப் பார்த்தால்’ என்ற பொருள் தரும் ஒன்றைத்தான் முதலில் தேடுகிறது. அது எப்போதும் இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

---

மணல்கடிகாரம் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. பத்தியிலுள்ள சான்றையே சந்தேகிக்கும் தெரிவுகளை எச்சரிக்கையோடு அணுகுங்கள். ‘மாநகராட்சி விபத்துகளைச் சரியாக எண்ணியதா’ என்பது போன்ற தெரிவு அறிவார்ந்ததாகத் தோன்றும். ஆனால் விபத்து எண்ணிக்கை குறைந்தது என்று பத்தி சொல்லிவிட்டால் அதை ஏற்றுக்கொண்டே மேலே போக வேண்டும். நாம் மதிப்பிடுவது சான்றிலிருந்து முடிவுக்குத் தாவும் அந்தத் தாவலை. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு விதியாக்கிவிடாதீர்கள். பத்தி ‘காவல் துறையில் பதிவான விபத்துகள் குறைந்தன, ஆகவே விபத்துகள் குறைந்தன’ என்று சொன்னால், பதிவாவது ஒன்று, நடப்பது வேறொன்று. அவ்விரண்டுக்கும் நடுவிலேயே தாவல் இருக்கிறது. அங்கே ‘பதிவு செய்யும் முறை இடையில் மாறியதா’ என்பது மிகச் சரியான விடை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே தெரிவு போலத் தோன்றும். சான்றின் சொல்லும் முடிவின் சொல்லும் ஒன்றா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

---

விடைதேடி எழுதியது:

நேற்று இரவு அந்த ஏழையும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முடிவை ஒரு வரியில் எழுதினேன். மூன்றில் நான் குறித்த விடை, பத்தி சொல்லாத ஒரு முடிவை மதிப்பிட்டிருக்கிறது: திட்டம் பலிக்குமா என்று கேட்ட இடத்தில் அது நல்ல திட்டமா என்று பார்த்திருக்கிறேன். இரண்டு, கேமராவின் ‘ஈ’யைப் போலத் திசை நிலையில்லாதவை, ஒவ்வொரு பதிலுக்கும் எதிர்க்கதை ஒன்றை எழுத முடிந்தது. ஒன்றில் சான்றையே சந்தேகித்திருக்கிறேன்.

ஏழாவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதன் அமைப்பு இப்படி: ஒரு நிறுவனம் தன் பணியாளர்களில் விரும்பியவர்களுக்கு மட்டும் ஒரு பயிற்சி தந்தது, பயிற்சி பெற்றோரின் செயல்திறன் பெறாதோரின் செயல்திறனைவிட அடுத்த ஆண்டு உயர்ந்திருந்தது, எனவே பயிற்சி பலனளித்தது. நான் குறித்தது ‘பயிற்சியில் சேர்வது கட்டாயமா, விருப்பமா’ என்ற தெரிவு. கட்டாயம் என்றால் முடிவு வலுக்கிறது, விருப்பம் என்றால் ஆர்வமுள்ளவர்களே சேர்ந்திருப்பார்கள் என்பதால் சாய்கிறது. திசையும் நிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை ‘பயிற்சிக்கு முன்பே இவ்விரு குழுக்களின் செயல்திறன் எவ்வாறு இருந்தது’ என்பது.

---

நிறுத்தற்குறி எழுதியது:

பத்தியின் முதல் வரியை மறுபடி படியுங்கள். ‘விரும்பியவர்களுக்கு மட்டும்’ என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நீங்கள் குறித்த தெரிவு சரியான இடைவெளியைத்தான் தொடுகிறது, ஆனால் அதன் பதில் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் எதுவும் மிச்சமில்லை. விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் முதலிலிருந்தே மேலானவர்களா என்பதுதான் தெரியாதது. இரு குழுக்களும் முன்பு சமமாக இருந்தன என்று தெரிந்தால் பயிற்சியின் மீதான நம்பிக்கை கூடும், முன்பே அதே அளவு இடைவெளி இருந்தது என்று தெரிந்தால் பயிற்சிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.